கூட்ஸ் வண்டி பார்க்க ஒரு மல்லிகைத் தோட்டம்

கூட்ஸ் வண்டி பார்க்க நல்ல இடம் அமைவது, பெண்ணுக்கு நல்ல வரன் அமைவதைவிடக் கஷ்டம். ஒன்று இருந்தால் ஒன்று இருக்காது. நிழல் இருந்தால் வண்டி சரியாகத் தெரியாது. வண்டி தெரிந்தால் வெயில் மண்டையைப் பிளக்கும். இரண்டும் சரியாக இருக்கிற இடத்தில் போலீஸ்காரர் வந்து, "இங்க என்ன வேல?" என்று கேட்பார். ஒரு முறை உண்மையைச் சொன்னேன். "கூட்ஸ் வண்டி பாக்க வந்தேன் சார்." அவர் குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தார்.

திண்டுக்கல்லில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துவது என் பிழைப்பு. வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கு நேராக அரை அடி தூரத்தில் இருப்பதை மட்டுமே பார்க்கிறவனுக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும் போலிருக்கும். பயணிகள் ரயில் எனக்கு ஒத்துவராது. ஜன்னலில் இருப்பவர்கள் நம்மையே பார்ப்பார்கள். கூட்ஸ் வண்டிக்கு நம்மேல் எந்த அக்கறையும் கிடையாது. எப்போது வரும் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. காத்துக் கிடந்து, சரி கிளம்பலாம் என்று எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டும்போது வரும். என் மனைவிக்கு இது இன்றைக்கும் விளங்கவில்லை. "குடிக்கப் போறவன் பொண்டாட்டி தேவல. அவளுக்காச்சும் புருஷன் எதுக்குப் போறான்னு தெரியும்" என்பாள்.

இந்தப் பைத்தியத்துக்கு எனக்கு ஒரு கூட்டாளி வாய்த்தான். எங்கள் கடைக்குக் கண்ணாடி போட வந்தவன். மருந்துக் கம்பெனி ரெப். வெள்ளைச் சட்டை, நல்ல பைக், அதைவிட நல்ல வாய். அவனுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் செல்போன் அடித்தது. பாட்டு இல்லை, எஞ்சின் ஹாரன். "இது கூட்ஸ் எஞ்சின் சத்தமாச்சே" என்றேன். அவன் வந்த போனை எடுக்காமல் அணைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் மனைவி அப்படிப் பார்த்ததில்லை. மூன்றாவது வாரம் 'மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். வளைவில் வருகிற எஞ்சினை அவன் தூரத்திலேயே கண்டுகொள்கிறானே, அந்தக் கண்ணாடி நான் தேய்த்துக் கொடுத்தது.

ஞாயிறுதோறும் இடம் தேடி அலைந்தோம். ஊருக்குள் இருக்கிற மேம்பாலத்தில் வண்டி நன்றாகத் தெரியும்; ஆனால் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். வடமதுரைப் பக்கம் ஒரு கேட் இருந்தது. வண்டி வரும்போதுதான் கேட் மூடும், கேட் மூடினால் ஒரு தக்காளி லாரி சரியாக எங்கள் முன்னால் வந்து நிற்கும். ஒரு ஞாயிறு அவன் திண்டுக்கல் பக்கத்து ஆத்தூருக்குக் கூட்டிப்போனான். "டேம் பின்னாடி தெரிய கூட்ஸ் வர்ற மாதிரி ஒரு போட்டோ பாத்தேன் மாப்ள" என்றான். டேம் இருந்தது. தென்னந்தோப்பு இருந்தது. பொரித்த மீன்கூட இருந்தது. அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது. அவன் பார்த்தது வேறு ஏதோ ஊர் டேம். அந்த ஒரு நாளுக்காகவே அவனை மன்னிக்கலாம் என்று இப்போதும் சில சமயம் தோன்றும். தோன்றியவுடன் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

நல்ல இடம் கடைசியில் எனக்குத்தான் கிடைத்தது. அவன் மீட்டிங்குக்காகக் கோயம்புத்தூர் போயிருந்த ஒரு ஞாயிறு, கொடைரோட்டுக்கு முன்னால், நிலக்கோட்டைப் பக்கமாகப் பிரிகிற ஒரு மண்பாதையில் சும்மா பைக்கை விட்டேன். பாதை ஒரு மல்லிகைத் தோட்டத்தில் போய் முடிந்தது. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அந்த இடத்தில் அது மெல்ல வளைந்து ஏறுகிறது. பின்னால் சிறுமலை. சாயங்கால வெயில் நம் முதுகில் அடித்து வண்டியின் முகத்தில் விழும். தோட்டத்து மூலையில் மோட்டார் ரூம், அதை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி, தொட்டிச் சுவரின்மேல் வேப்ப மர நிழல்.

தோட்டக்கார அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். தொட்டிச் சுவரில் உட்கார்ந்துகொள்ளலாமா என்று கேட்டேன்.

"கூட்ஸ் வண்டி பாக்கவா? அதுல என்ன தம்பி இருக்கு?"

"சும்மாதான்க்கா."

"எத்தன பேரு?"

"நான் ஒரு ஆளுதான்."

அவர் களைக்கொத்தைக் கீழே வைத்தார். "போன வருசம் குடிகாரப் பயலுக இங்கன உக்காந்து பாட்டில ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டாய்ங்க. பூப் பறிக்க வந்த புள்ளைக்குக் காலு கிழிஞ்சு எட்டுத் தையலு. ஒரு ஆளுன்னா வந்துட்டுப் போ. வரப்புல நட. சொட்டுநீர்க் குழாய மிதிச்சிராத. மொட்டுல கைய வைக்காத, அது நாளைக்குக் காலைல பறிக்கிறது."

தலையாட்டினேன். இரண்டு வாரம் அப்படித்தான் நடந்தேன். மூன்றாவது வாரம் அவனைக் கூட்டிப்போனேன். இவ்வளவு நல்ல இடத்தை வைத்துக்கொண்டு அவனிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். "நம்மாளுதான்க்கா" என்றேன். அவர் அவன் செருப்பு எங்கே படுகிறது என்று மட்டும் பார்த்தார். வரப்பில்தான் பட்டது. சம்மதம் கிடைத்துவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று திரும்பும்போது, "வேற யார்கிட்டயும் சொல்லிறாத மாப்ள" என்றேன். "சத்தியமா சொல்லமாட்டேன்" என்று தலையில் கை வைத்தான். என் தலையில். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஒரு வருஷம் போல அங்கேதான் எங்கள் ஞாயிறு. அவன் செல்போனில் வீடியோ எடுப்பான். வண்டிச் சத்தம் மட்டும்தான் அதில் இருக்க வேண்டும், பேச்சுக் குரல் விழக்கூடாது என்பான். அதனால் எங்களுக்குள் ஒரு சைகை ஏற்பட்டது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அது லோடு ஏற்றி வருகிறதா, காலியாக வருகிறதா என்று எனக்குத் தெரிந்துவிடும். காலி வண்டி கடகடவென்று தகரக் கடை மாதிரி வரும். லோடு வண்டிக்குச் சத்தம் குறைவு. ஆனால் அது வளைவுக்கு வரும் முன்பே தொட்டித் தண்ணீர் மெல்ல நடுங்கும். லோடு என்றால் கையை மூடிக் காட்டுவேன். காலி என்றால் விரித்துக் காட்டுவேன். அதைப் பார்த்து அவன் செல்போனைத் தயார் செய்வான். அவனுக்கு இது கடைசிவரை பிடிபடவே இல்லை. ஒவ்வொரு முறையும் என் கையைத்தான் பார்ப்பான். பார்க்கட்டும் என்று எனக்கும் பெருமை.

ஒரு ஞாயிறு என் தங்கை மகளுக்குச் சேவுகம்பட்டியில் காதுகுத்து. வரமுடியாது என்று அவனிடம் சொன்னேன். "எனக்கும் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கு மாப்ள. நீ இல்லாம அங்க எனக்கு என்ன வேல, படுத்துக் கெடக்கப் போறேன்" என்றான். பாவம் என்று இருந்தது. பந்தியில் தங்கையிடம் சொல்லி, காய்ச்சல்காரனுக்கு ஆகும் என்று எலும்பு ரசம் தனியாக ஒரு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டேன். மனைவியைத் தங்கை வீட்டிலேயே விட்டுவிட்டு நான்கு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டேன். நிலக்கோட்டை தாண்டியதும், வழிதானே, ஒரே ஒரு வண்டி பார்த்துவிட்டுப் போகலாம் என்று மண்பாதையில் திரும்பினேன்.

பாதை முழுக்க பைக். ஒரு வேன்கூட நின்றது.

தோட்டத்துக்குள் வண்டி பார்க்க வந்தவர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். செல்போன் மாட்டுகிற மூன்று கால் ஸ்டாண்டைப் பாத்திக்குள் ஊன்றியிருந்தார்கள். ஒரு பெண் மொட்டு மொட்டாகப் பறித்து உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ குழாய் பிய்ந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தொட்டிச் சுவரின்மேல், நான் உட்காரும் இடத்தில், அவன் ஏறி நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். "ரெண்டு வருஷமாத் தேடிக் கண்டுபிடிச்ச ஸ்பாட் இது. வெயில் விழற ஆங்கிளப் பாருங்க." காய்ச்சல் அடிக்கிற ஆள் மாதிரித் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் ஆட்டிய கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. ஒரே நொடிதான். பிறகு இறங்கி வந்து என் தோளில் கைபோட்டு அவர்களிடம் சொன்னான்: "இவரு இந்தப் பக்கத்து ஆளு. எனக்கு வழி காட்ட அப்பப்ப வருவாரு."

மாப்ள இல்லை. இந்தப் பக்கத்து ஆள். ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "அண்ணே, இங்க குடிக்கத் தண்ணி எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். கையில் தூக்குவாளி வேறு. பால் ஊற்ற வந்தவன் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது தொட்டித் தண்ணீர் நடுங்கியது. அவன் மறுபடி சுவரில் ஏறிவிட்டான். பதினைந்து செல்போனும் வளைவைப் பார்த்துத் திரும்பின. "லோடா, காலியாண்ணே?" என்று யாரோ அவனைக் கேட்டார்கள். அவன் கண் என் கைக்கு வந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. கையை விரித்துக் காட்டினால் போதும். இத்தனை பேர் முன்னால் அவன் மானம் கப்பலேறிவிடும். விரிக்கத்தான் நினைத்தேன். கை பாட்டுக்கு மூடிக்கொண்டது. ஒரு வருஷப் பழக்கம்.

"லோடு!" என்று கத்தினான் அவன். "தொட்டித் தண்ணி அதிருது பாருங்க!" வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு வளைவில் ஏறி வந்தது. பெட்டி பெட்டியாகக் கரி. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வண்டியைப் பார்க்கவில்லை. தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து அக்கா ஓடி வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அவர் யாரையும் திட்டவில்லை. குனிந்து பிய்ந்த குழாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கூட்டத்தில் அவருக்குத் தெரிந்த முகம் என்னுடையதுதான். நான் கூட்டி வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்காது. அவன் அதற்குள், "எல்லாரும் கெளம்புங்க, அடுத்த ஸ்பாட் போலாம்" என்று ஆட்களை நடத்திக்கொண்டு போய்விட்டான். பூப் பறித்த பெண் போகிற போக்கில் மொட்டுகளையெல்லாம் தொட்டியில் கொட்டிவிட்டுப் போனாள்.

ராத்திரி போன் செய்தான். "என்ன மாப்ள, கோவமா? நான் என்ன உன் சொத்தையா எழுதி வாங்கிட்டேன்? நாலு பேரு பாத்தா வண்டி தேஞ்சா போயிரும்?" போனை வைத்துவிட்டேன். பிறகு அவன் நெட்டில் போட்டிருந்த வீடியோக்களை எல்லாம் முதலிலிருந்து பார்த்தேன். ஒரு வருஷத்து ஞாயிறுகள். பேச்சுக் குரல் விழக்கூடாது என்று சொன்னவன், பிறகு வீட்டில் உட்கார்ந்து தன் குரலைச் சேர்த்திருக்கிறான். காலி வண்டி தகரக் கடை மாதிரி வரும், லோடு வந்தால் தண்ணீர் நடுங்கும் என்று நான் சொன்னதெல்லாம் வார்த்தை மாறாமல் இருக்கிறது. நான்தான் எதிலும் இல்லை. ஒரே ஒரு வீடியோவில், ஓரத்தில், மூடிய கை ஒன்று இரண்டு நொடி தெரிந்து மறைகிறது. என் வாட்ச் கட்டிய கை. எலும்பு ரசத்தை வாசலில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அடுத்த ஞாயிறு, புதுக் குழாய் ஒரு சுருளும் இரண்டு இணைப்பும் வாங்கிக்கொண்டு போனேன். மண்பாதை தோட்டத்தைத் தொடும் இடத்தில் கருவேல முள்ளை வெட்டி ஆள் உயரத்துக்கு அடைத்திருந்தார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். வந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டி வந்தது நானில்லை, காய்ச்சல் என்று பொய் சொன்னான், என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் ஏமாற்றிவிட்டான். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பாவந்தான் தம்பி" என்றார்.

"இனிமே அவன் வரமாட்டான்க்கா. நான் மட்டும் வாரேன். நான் ஒரு ஆளுதான்."

அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

"மொதல்லயும் அதத்தான சொன்ன?"

முள்ளுக்கு மேலாகக் கையை நீட்டிக் குழாய்ச் சுருளை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். அவன்மேல் இருக்கிற கோபம் இன்றைக்கும் இம்மியளவு குறையவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அதை யாரிடமும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. பாதியில் அந்தக் கேள்வி வந்து நின்றுவிடுகிறது. நான் பைக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, முள்ளுக்கு அப்பால் ஒரு வண்டி கடகடவென்று போனது. ஒரு பெட்டிகூடக் கண்ணில் படவில்லை. என் கை தானாக விரிந்தது. பார்க்க ஆள் இல்லை.