புரூனோவின் பங்குக் குட்டி

செங்கமலம் வீட்டு பாக்ஸர் நாய்க்குட்டிகளுக்கு இதயம் சரியில்லை என்ற பேச்சு நெய்வேலியில் ஷிப்ட் கணக்கில் வளர்ந்தது. காலை ஷிப்டில் ஒரு குட்டி இருமியது. மதிய ஷிப்டில் அதற்கு மூச்சு வாங்கியது. இரவு ஷிப்டுக்குப் போனவர்கள் அதைப் புதைத்தே விட்டார்கள். பக்கத்து ஊரான வடக்குத்தில் செங்கமலத்தின் காதுக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது, புதைக்கப்பட்ட குட்டி அவள் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நல்லாருக்கே கதை! உசுரோட இருக்கறதுக்குக் கருமாதி பண்ணிட்டானுங்களே" என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது.

கணவன் மருதமுத்துவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெட்டை நாய் லில்லியின் முதல் ஈற்று இது. ஐந்து குட்டிகளையும் விற்று, கூரையிலிருக்கும் சிமென்ட் ஷீட்டைத் தூக்கிவிட்டு கான்கிரீட் போட வேண்டும் என்பது அவள் கணக்கு. சித்திரையில் அந்த ஷீட்டுக்குக் கீழே மனிதர்களே வெந்துபோவார்கள். சப்பை மூக்குக்காரி லில்லியோ ஈரச் சாக்கை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள்.

குட்டி பார்க்க வந்த டவுன்ஷிப்காரர்கள் கேட்காத கேள்வியில்லை. வால் வெட்டியாச்சா, வம்சப் பேப்பர் உண்டா, திருடனைக் கடிக்குமா? மாப்பிள்ளைக்கு வேலை பர்மனென்ட் என்று தெரிந்தால் அதோடு விசாரணையை முடித்துக்கொள்கிற ஊர். நாயின் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்? செங்கமலமே கேட்டதில்லை. இப்போது கேட்டுவிடுவது என்று தாயையும் பிள்ளைகளையும் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனாள்.

அவர் ஒவ்வொன்றின் மார்பிலும் குழாயை வைத்துக் கேட்டார். "இப்போதைக்குச் சத்தம் சுத்தமா இருக்கும்மா. ஆனா பாக்ஸருக்கு இதய நோய் பரம்பரையா வரலாம். குட்டியில தெரியாது. வளந்தப்புறம், ஓடிக்கிட்டே இருக்கும், மயங்கி விழும். ஜனங்க வெயில்னு நெனச்சுக்குவாங்க. குட்டி வாங்கறதுக்கு முன்னாடி தாய் தகப்பனுக்கு ஈசிஜி, ஸ்கேன் எடுத்திருக்கான்னு கேக்கணும். தகப்பன் எப்படி?"

"புரூனோவா? சூப்பரா இருக்கும் சார். நெஞ்சு இவ்ளோ அகலம்."

"அகலத்தைக் கேக்கலம்மா."

திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இணை சேர்க்க ஆண் நாயைத் தந்தவருக்குக் குட்டிகளில் ஒன்று பங்கு. முதலில் பொறுக்கிக்கொள்ளும் உரிமையும் அவருக்குத்தான். பங்குக்காரர்கள் வழக்கமாகக் குட்டி கண் திறப்பதற்குள் ஓடி வந்து, எதற்கு மண்டை பெரிது என்று புரட்டிப் பார்த்து, தாயிடம் கடியும் வாங்கிக்கொண்டு போவார்கள். இவற்றுக்குப் பல்லே முளைத்தாயிற்று. புரூனோவின் சொந்தக்காரர் சிவசங்கர் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு போன்கூட இல்லை. சும்மா கிடைப்பதை ஒரு மனிதர் வேண்டாமென்று இருக்கிறார் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்காது.

ஆட்டோவை அப்படியே அவர் குவார்ட்டர்ஸுக்கு விடச் சொன்னாள். வாசல் வேப்பமரத்தில் சங்கிலி தொங்கியது. நாய் இல்லை. கதவைத் திறந்த சிவசங்கரின் மனைவி திலகவதி, "வாங்கக்கா" என்பதற்குள் சங்கிலியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புரூனோ எங்கம்மா?"

"போயிடுச்சுக்கா. போன மாசம்."

உள்ளிருந்து சிவசங்கர் வந்தார். "வெயில்தாங்க. வேற ஒண்ணுமில்ல."

"மழ பேஞ்ச அன்னிக்கும்தான் விழுந்துச்சு" என்றாள் திலகவதி. "பந்து எடுக்க ஓடறப்ப பொத்துனு விழும். அப்புறம் தானா எழுந்துக்கும். கடைசித் தடவ எழுந்துக்கல. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு இவரு. எனக்கு மனசு கேக்கலக்கா. ஒரே ஒருத்திகிட்டதான் சொன்னேன்."

மூன்று ஷிப்டும் உழைத்த வதந்தியின் தாய் கண் முன்னே நின்றாள். அவள்மேல் செங்கமலத்துக்குக் கோபம் வரவில்லை. சிவசங்கரைப் பார்த்துக் கேட்டாள்: "வெயில்தான்னா, உங்க பங்குக் குட்டிய ஏன் சார் தூக்கிகினு போவல?"

அவர் வாசலில் இறங்கி, மரத்திலிருந்து சங்கிலியை அவிழ்க்கத் தொடங்கினார்.

சாயங்காலம் மருதமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டாக்டரே சுத்தமா இருக்குன்னுதான சொன்னாரு? அதையே சொல்லி வித்துடு. நாலு வருசம் கழிச்சு எவன் வந்து கேக்கப்போறான்?" என்றான்.

"எவனும் கேக்கமாட்டான்யா. அந்தத் திலகவதி மாதிரி எவளாச்சும் வெறும் சங்கிலியப் பாத்துகினு நிப்பா."

குட்டி கேட்டிருந்த எல்லோரிடமும் தகப்பன் செத்த கதையைச் சொன்னாள். பாதிப் பேர் வேறொருவரிடம் போய் வாங்கிக்கொண்டார்கள். அங்கே எந்த நாய்க்கும் நோய் கிடையாது. யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை. குறிஞ்சிப்பாடியில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஷரீப் மட்டும், "எனக்கே நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்குக்கா. என்னை யாராச்சும் திருப்பிக் குடுத்துட்டாங்களா?" என்று விலை கொடுத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டார். மற்ற மூன்றும், வருஷத்துக்கொரு தரம் நெஞ்சைக் காட்டுகிறோம், உச்சி வெயிலில் ஓடவிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தவர்களிடம் சும்மாவே போயின. கூரையில் ஷீட் அப்படியே இருக்கிறது.

ஐந்தாவது குட்டி சிவசங்கருடையது. அதை விற்கவும் மாட்டாள், தானம் கொடுக்கவும் மாட்டாள். பங்கு பங்குதான். "இது நாயமா, இல்ல அவரு மேல இருக்கற காட்டமா?" என்று மருதமுத்து கேட்டதற்கு, "ரெண்டுந்தான்" என்றாள். வாரத்துக்கொரு முறை போன் போடுகிறாள். "ஷிப்ட் மாறட்டுங்க, வந்து எடுத்துக்கறேன்" என்கிறார் அவர். நெய்வேலியில் ஷிப்ட் மாறாத வாரமே கிடையாது. கடன்பட்டவள் துரத்த, வாங்கவேண்டியவர் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

குட்டி நன்றாகத் தின்கிறது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கவேண்டியவர் சிவசங்கர்.