காலி நிலம் என்று நான் எழுதிக் கொடுத்தது

யங்கூனில் யூதர்கள் இப்போது விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தில் நான் வேலை பார்க்கிறேன். காலையில் கேட்டைத் திறப்பேன். புல் வெட்ட ஆள் கூப்பிடுவேன். வெளிநாட்டிலிருந்து யாராவது தங்கள் பாட்டனாரின் கல்லைத் தேடி வந்தால், பழைய பதிவேட்டைப் பார்த்து வரிசையைக் காட்டுவேன். பள்ளிப் படிப்போடு நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. இந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே இருப்பவர்கள் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

தோட்டத்தைக் கவனிக்கும் அறக்கட்டளைக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. எழுபதைத் தாண்டியவர். அவருடைய முன்னோர்கள் பாக்தாத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள். என்னுடைய முன்னோர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது பர்மிய மொழியில். நான் அவரை மரியாதையாக ‘ஸயா’ என்பேன். அவர் என்னை ‘ஞீமா’, அதாவது தங்கச்சி என்பார்.

பின்சுவரை ஒட்டி, தண்ணீர்க் குழாயிலிருந்து மூலைவரை, கல் எதுவும் இல்லாத ஒரு நீளமான துண்டு நிலம் இருந்தது. அதில் நான் புளிச்சக்கீரை போட்டிருந்தேன். நன்றாக வந்தது. வாரம் ஒரு கட்டு பொறுப்பாளருக்கும் கொடுப்பேன். அவர் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார். என் கீரையின் மேல் சந்தேகம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பூச்சி இருந்தால் அவர்கள் உண்ணக் கூடாது, அது அவர்கள் சட்டம் என்று பிறகுதான் தெரிந்தது.

மழைக்கு முன்னால் ஒருநாள், பின்பக்கத் தெருவை அகலப்படுத்திக் கால்வாய் வெட்டப் போகிறார்கள் என்று சொல்லி ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். கல் இருக்கும் வரிசைகளைத் தொடமாட்டோம் என்று அவரே சொன்னார். கீரைப் பாத்தியைக் காட்டி, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். கீரையைத் தவிர ஒன்றும் இல்லை என்றேன். ‘காலி நிலம்’ என்று எழுதி, இடத்தில் இருப்பவர் என்ற முறையில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதினார். புது ஆளிடம் அவ்வளவு பேசியதே பெரிய காரியம் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

மழை விட்ட பிறகு பொறுப்பாளர் ஒரு செய்தி கொண்டுவந்தார். சின்னச் சின்ன யூதச் சமூகங்களுக்கு உதவும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்று, அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி கொடுக்கிறதாம். அரசு அலுவலகங்களில் எப்படிப் பேசுவது, தங்கள் தேவையை எப்படி எடுத்துச் சொல்வது, இதுதான் பாடம். நீயும் வரவேண்டும் என்றார். நான் யூதப் பெண் இல்லையே என்றேன். வேலை செய்கிறவர் என்றுதான் கேட்டிருக்கிறார்கள், இங்கே வேலை செய்வது நீதானே என்றார். தப்பிக்க வழி தெரியவில்லை.

வீட்டுக்காரர் ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். தாமுவேயில் எங்கள் வீட்டில் அன்று சோறு போடும்போது விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஒனக்கா? பேசுறதுக்கா? கடைக்காரன் மிச்சம் குடுக்கலைன்னாகூட என்னையத்தானே அனுப்புவே” என்றார்.

ஒரு விடுதியின் சிறிய அறையில் பயிற்சி நடந்தது. மற்ற ஊர்க்காரர்கள் கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். அறையில் நாங்கள் மூன்று பேர்தான்: நான், பொறுப்பாளர், வெளிநாட்டிலிருந்து நேரில் வந்திருந்த ஆசிரியை. அவர் ஆங்கிலத்தில் சொல்வதைப் பொறுப்பாளர் எனக்குப் பர்மிய மொழியில் சொன்னார். பொறுப்பாளரின் வழக்கம் நீளமான மனு எழுதுவது. பாக்தாத்தில் ஆரம்பித்து ஆறு பக்கம் போகும். ஆசிரியை அப்படி ஒரு மனுவை வாங்கிப் படித்துவிட்டு, இதில் நீங்கள் கேட்பது எங்கே இருக்கிறது என்று கேட்டார். பொறுப்பாளர் தேடினார். ஐந்தாம் பக்கத்தில் இருந்தது.

ஒரே பக்கம், ஒரே கோரிக்கை என்றார் ஆசிரியை. விஷயம் தெரிந்தவரே பேசவேண்டும். பெரிய இடத்துக்குப் போவதற்கு முன்னால் பக்கத்துக் கதவைத் தட்டவேண்டும். கேட்டு முடித்ததும் வாயை மூடி, மனதுக்குள் பத்து எண்ணவேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தில் மட்டும் நான் முதலாவதாக வந்தேன். பொறுப்பாளர் அதிகாரியாக நாற்காலியில் உட்கார, நான் எதிரே நின்று பேசிக் காட்டியபோது, பேசவேண்டிய இடத்திலும் பத்துதான் எண்ணினேன்.

இரண்டாம் நாள் வீட்டுப்பாடம் கொடுத்தார். நம்முடைய இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிவரவேண்டும். நான் தோட்டத்துக்குப் போய்ப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்தேன். வழக்கமாக, வருகிறவர் சொல்லும் பெயரை மட்டும் தேடிப் பார்ப்பேனே தவிர, வரிசையாக ஒருநாளும் படித்ததில்லை. நடுவில் ஒரு பக்கத்தில் பெயரே இல்லாத வரிகள் இருந்தன. ‘குழந்தை, கல் இல்லை, சுவரோரம், குழாயிலிருந்து முதலாவது.’ அதன் கீழே ‘இரண்டாவது’. பதினொன்றுவரை போயிற்று.

மறுநாள் காலை, ஆசிரியை வருவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தைப் பொறுப்பாளரிடம் காட்டி, கல் இல்லை என்றால் என்ன என்று கேட்டேன். பிறந்து முப்பது நாள் ஆவதற்குள் இறந்த குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் அவர்கள் கல் வைப்பதில்லையாம். இப்படி ஒரு பக்கம் இருப்பதைத் தானும் மறந்துவிட்டதாகச் சொன்னார். கீரை போட்டதைச் சொன்னேன். அளக்க வந்தவரிடம் காலி நிலம் என்று கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் அந்த வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பிறகு, “கீரைய நானுந்தான் தின்னேன், ஞீமா. எலை எலையாப் பார்த்தேன். தரையப் பார்க்கல” என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. புதைத்தவர்களை எழுப்பி வேறிடம் மாற்றுவது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. கால்வாய்க்குத் தோண்டினால் எலும்பு கிடைத்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. அவ்வளவு சிறியவை. மண்ணோடு மண்ணாக லாரியில் போய்விடும். அதற்கான காகிதத்தில் என் கையெழுத்து இருந்தது.

ஆசிரியை விஷயத்தைக் கேட்டுவிட்டு, சங்கத்தின் பெயரில் மேலிடத்துக்குக் கடிதம் எழுதத் தயார் என்றார். ஆனால் அதற்கு முன்னால் கால்வாய் வேலைக்குப் பொறுப்பான பொறியாளரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றார். யார் சொல்வது என்று பொறுப்பாளர் கேட்டார். ஆசிரியை என்னைப் பார்த்தார்.

பேட்டையின் சமூகக் கூடத்தில், கால்வாய் பற்றிய குறைகளைக் கேட்கும் கூட்டம் சனிக்கிழமை காலை என்று அறிவித்திருந்தார்கள். கடைக்காரர்களும் வேலைக்குப் போகிறவர்களும் வருவதற்கு வசதியாக அந்த நாள். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். அன்று அவர்கள் வண்டி ஏறமாட்டார்கள், எழுதமாட்டார்கள், குடைகூடப் பிடிக்கமாட்டார்கள். நான் தனியாகத்தான் போகவேண்டும் என்று நினைத்தபோது வெள்ளிக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை கூடத்துக்குப் போனால், வாசலில் பொறுப்பாளர் நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒன்றும் இல்லை. “நடக்கலாம். நடக்கிறதுக்குத் தடை இல்ல” என்றார்.

உள்ளே ஒரே சத்தம். தெருமுனை டீக்கடைக்காரர் தன் முக்காலிகளுக்கு இடம் போகுமா என்று அரைமணி நேரம் வாதாடினார். பொறியாளர் நடுத்தர வயதுக்காரர், களைத்த முகம். எங்கள் முறை வந்ததும் பொறுப்பாளர் எழுந்தார். பொறியாளர் வரைபடத்தைப் புரட்டி, இங்கே காலி நிலம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதே, யார் கையெழுத்து இது என்று கேட்டார். பொறுப்பாளர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் எழுந்தேன். எழுதிக்கொண்டு போன ஒரு பக்கம் கையில் இருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

“என் கையெழுத்துதான், ஸயா. நான் தப்பாச் சொல்லிட்டேன். அது காலி நெலம் இல்ல. பதினோரு பிள்ளைங்க இருக்காங்க” என்றேன்.

பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று பொறியாளர் கேட்டார்.

“பேர் இல்ல, ஸயா. பேர் வைக்கிறதுக்கு முன்னாலயே போன பிள்ளைங்க. எடம் மட்டும் எழுதியிருக்கு.”

பதிவேட்டுப் பக்கத்தின் நகலை மேசையில் வைத்தேன். கால்வாயைச் சுவருக்கு வெளியே, தெருப் பக்கமாகத் தள்ளிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். அது ஒன்றுதான் கேட்டேன். பிறகு வாயை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஏழில் அவர் பேனாவை எடுத்தார்.

இடத்தைத் தானே வந்து பார்ப்பதாகவும், அதுவரை கோடு போடுவதை நிறுத்தி வைப்பதாகவும் எழுதினார். முந்தைய காகிதம் தவறு என்று நாங்கள் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். நான் போட்டேன். பேனாவைப் பொறுப்பாளரிடம் நீட்டினார். பொறுப்பாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இன்னிக்கி முடியாது, ஸயா. திங்கக்கிழமை போடுறேன்.”

பொறியாளரின் முகம் மாறியது. கையெழுத்துக்கே தயங்குகிற ஆள் சொன்னதை எப்படி நம்புவது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். யாரும் கேட்காமல் நானே பேசினேன். இன்று இவர்கள் எழுதக் கூடாத நாள், இங்கேகூட வண்டி ஏறாமல் வெயிலில் நடந்தே வந்தார் என்று சொன்னேன். பொறியாளர் அவருடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். “எங்க அம்மாவும் விரத நாள்ல இப்படித்தான். நம்ம பேச்சு எடுபடாது” என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் தோட்டத்துக்கு வந்தார். கீரையை நான் ஏற்கெனவே வேரோடு எடுத்து, மண்ணைச் சமப்படுத்தியிருந்தேன். துண்டு நிலத்தின் ஓரத்துக்கு வந்ததும், பகோடாவுக்குள் போவதுபோல அவர் செருப்பைக் கழற்றினார். அங்கே தொட்டாற்சுருங்கி முள் உண்டு. யூதர்கள் கல்லறையில் செருப்பைக் கழற்றுவதில்லை. பொறுப்பாளர் சங்கடத்தோடு தன் கால்களைப் பார்த்தார், பிறகு குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். நானும் கழற்றினேன். மூன்று பேரும் வெறுங்காலில், நகலில் எழுதியபடி குழாயிலிருந்து எண்ணிக்கொண்டே மெதுவாக மூலைவரை நடந்தோம். பொறுப்பாளர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது, இந்த வாரத்துக்குள் புது வரைபடம் வரும் என்று பொறியாளர் சொன்னார்.

வாரம் முடிந்தது. வரவில்லை. அடுத்த வாரமும் நான் தினமும் கேட்டைத் திறந்தவுடன் நேராகப் பின்சுவருக்குத்தான் போனேன். பொறுப்பாளர் வெளிநாட்டுச் சங்கத்துக்குத் தகவல் அனுப்பலாமா என்று யோசித்தார். பொறியாளரே வந்து பார்த்திருக்கிறார், கொஞ்சம் பொறுக்கலாம் என்று நான் சொன்னேன். அப்படி ஒரு யோசனை சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. கேட்டைப் பூட்டாமலே சுற்றிக்கொண்டு ஓடினேன். தெருவோரத்தில் முளைகள் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புக் கயிறு சுவருக்கு வெளியே, நல்ல இடைவெளி விட்டு, மூலையில் வளைந்து போயிற்று. ஒவ்வொரு முளையாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்றுகூட உள்ளே இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன். பல நாளாக மூச்சைப் பாதியிலேயே நிறுத்தி வைத்திருந்ததுபோல, அப்போதுதான் நெஞ்சு முழுவதும் காற்று போயிற்று.

கடைசி முளை டீக்கடையின் முன்னால், முக்காலிகள் போடும் இடத்தில் இறங்கியிருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். செத்தவர்களுக்கு இடம் கேட்டு உயிரோடு இருக்கிறவன் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டாயே, பேசத் தெரியாதவள் என்று நினைத்தேனே, எங்கே வைத்திருந்தாய் இவ்வளவு பேச்சையும் என்று தெருவே கேட்கும்படி திட்டினார். வேறொரு நாளாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போயிருப்பேன். அன்று மிச்சமிருந்த முக்காலி ஒன்றில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லிவிட்டு, அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.