எறும்பக்கா துலக்கிய வெள்ளிக்காசு

ஒரு மழைநாளில் அருங்காட்சியகத்துக்குத் தொப்பலாக நனைந்து வந்த படக்காரர், செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தார். சாயங்காலம் பார்த்தால் யாரோ அதைத் துடைத்து, ஜன்னலோரம் காயவைத்திருந்தார்கள். யார் என்று விசாரிக்க வேண்டியதே இல்லை. அந்த அருங்காட்சியகத்தில் ஏவாமல் வேலை செய்கிற ஒரே ஆள், கூட்டித் துடைக்கும் எறும்பக்காதான். பெயரும் அதனால் வந்ததுதான். புருஷன் போனபிறகு இரண்டு மகள்களையும் இந்த வேலையை வைத்துத்தான் கரைசேர்த்தாள்.

பழம்பொருள்களைப் பதிவேட்டுக்காக வரைவது படக்காரரின் வேலை. அந்த மாதம் ரோமானிய வெள்ளிக்காசுகள் வந்திருந்தன. எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன. ஒரு காசில், ஒரு பக்கம் ராஜா தலை; மறுபக்கம் நிற்கிற பெண்தெய்வம். அவள் கையில் இருப்பது என்ன என்றுதான் பிடிபடவில்லை.

"கிளைன்னா சமாதானம், தராசுன்னா நியாயம். இந்தக் கருப்புல என்னத்தைக் கண்டுபிடிக்கிறது!" என்று புலம்பினார்.

"ரெண்டும் இல்லாம வெளக்குமாறா இருக்கப்போகுது தம்பி," என்றாள் அக்கா, பெருக்கிக்கொண்டே.

அன்றைக்கு அந்த ஒரு காசைப் பெட்டியில் பூட்ட மறந்து மேசைமேலேயே விட்டுப் போனார். மறுநாள் அது பளபளவென்று கிடந்தது.

"சாம்பல் போட்டுத் தேய்ச்சேன். இப்பப் பாருங்க!"

படக்காரர் காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அக்கா அழுக்கு என்று நினைத்த கருப்பில்தான் உருவமே ஒட்டிக்கொண்டிருந்தது. தெய்வத்தின் கை வெறுங்கையாக இருந்தது.

அதிகாரி இருவரையும் கூப்பிட்டார். "யாரு தேய்க்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை ஐயா."

"பெட்டியில இருந்த காசு உன் கைக்கு எப்படி வந்தது?"

"இவர் பூட்டறதுக்கு முன்னாடி நான்தான் எடுத்துட்டேன்."

படக்காரர் வாயைத் திறந்தார். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மனைவி நினைவுக்கு வந்தாள். மூடிக்கொண்டார். கடவுள் பார்த்துக்கொண்டுதானே இருப்பார் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. அக்காவின் பதினெட்டு வருஷ வேலை அன்றோடு போயிற்று.

வாசல்வரை அவள் பின்னாலேயே ஓடினார். "அக்கா, இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சும்மா இருங்க தம்பி. ரெண்டு வீட்டு அடுப்பும் அணைஞ்சா யாருக்கு லாபம்? இனிமே மட்டும் வாய்விட்டுப் புலம்பாதீங்க. கேட்டுட்டுச் சும்மா இருக்கத் தெரியாத இன்னொருத்தி என் இடத்துக்கு வந்தாலும் வருவா."