தேவானந்தம் சாரின் எச்சில் படாத வாய்

"அறுபத்து மூணு வருஷத்துல இந்த வாயில அடுத்தவன் எச்சில் பட்டதே கிடையாது" என்று தேவானந்தம் சார் அறிவிக்காத கல்யாண வீடு கிழக்குத் தாம்பரத்தில் இல்லை.

வெறும் பேச்சல்ல. ரயில்வே ஆபீஸில் முப்பத்தைந்து வருடம் அண்ணாந்தே தண்ணீர் குடித்தவர். சட்டை நனைந்ததுண்டு, டம்ளர் விளிம்பு உதட்டில் பட்டதில்லை. சர்ச் திருவிருந்தில் சபையே ஒரே பாத்திரத்தில் பருகும்போது, இவர் மட்டும் அப்பத்தைத் திராட்சரசத்தில் தொட்டுக்கொள்வார். ஆயர் முறைத்துப் பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். மனைவி பியூலா டீச்சருக்கே வீட்டில் தனி டம்ளர்.

போன வருடம் ஷேவ் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பயாப்ஸி எடுத்தார்கள். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய், மருந்துக்குக் கட்டுப்படும், ஆனால் உடனே தொடங்க வேண்டும் என்றார் டாக்டர் ஜீவிதா. சார் போர்வீரனைப் போல் தாங்கிக்கொண்டார். அடுத்த வரியில்தான் சாய்ந்தார்.

"கட்டியில எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கு சார். ஹெர்பிஸ் குடும்பம்."

"டாக்டர், நான் சர்ச் கமிட்டி மெம்பர்."

"ஐயோ, தப்பான சகவாசத்துல வர்ற அந்த ஹெர்பிஸ் இல்ல சார். பத்துல ஒன்பது பேர் உடம்புல இது இருக்கு. சின்ன வயசுலயே எச்சில் வழியா வந்து சத்தமில்லாம தங்கிடும். முக்காவாசிப் பேரை ஒண்ணும் பண்ணாது. ரொம்பச் சிலருக்குத்தான் இப்படி."

எச்சில்! புற்றுநோயை ஒப்புக்கொண்ட மனிதர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ரிப்போர்ட் ஆள் மாறிவிட்டது என்றார். வேறொரு லேபில் கொடுத்தார், அதே பதில். மூன்றாவது லேபுக்கு விலாசம் விசாரித்தார். இதற்குள் ஐந்து வாரம் போய், நெல்லிக்காயாக இருந்த கட்டி எலுமிச்சம்பழமாகிவிட்டது.

பியூலா டீச்சர் விடைத்தாள் திருத்தும் குரலில் கேட்டார்: "உங்கம்மா உங்களுக்குச் சோறு ஊட்டினாங்களா, தூர நின்னு தூக்கிப் போட்டாங்களா? சூடு பாக்க ஒரு வாய் தின்னுட்டுத்தானே ஊட்டியிருப்பாங்க?"

"எங்கம்மாவ இதுல இழுக்காத."

"இழுக்கல. நீங்க கௌரவம் பாக்கறீங்க, கட்டி பாக்குதா? இந்த வயசுல என்னைத் தனியா விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

சார் மூன்றாவது லேபின் விலாசத்தைக் கிழித்துப் போட்டார்.

சிகிச்சையின் முதல் நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் காத்திருந்தார்கள். சாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலைத் தூக்கி அண்ணாந்தார். கழுத்துக் கட்டி இடித்து, தண்ணீர் மூக்கில் ஏறியது. பக்கத்து நாற்காலியில் பியூலா டீச்சர் பாதி குடித்து வைத்த டீ இருந்தது.

உள்ளேயிருந்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார்.

சார் அந்தப் பேப்பர் கப்பை எடுத்து, உதட்டில் வைத்து, மிச்சத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.