பிஸ்கட் தட்டுக்கு வாங்கிய பிரஷ்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், அஞ்சாவதோடு நின்றவள். நடந்ததிலும் பாதி மறந்துபோயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் கீரமங்கலத்துத் தேங்காயில் பிஸ்கட் போட்டு விற்கிறாள். மலேசியாவில் ஓட்டலில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே ஒரு கடைக்காரரிடம் பேசிவைத்திருந்தான். ஹலால் சான்றிதழ் இருந்தால் மாதாமாதம் சரக்கு எடுப்பாராம். அது நடந்தால் மகன் ஊருக்கே வந்துவிடலாம். வட்டிக்குக் கடன் வாங்குவது எங்கள் மார்க்கத்தில் கூடாது என்று, மகனின் சிநேகிதர் முதல் போட்டுக் கூட்டுச் சேர்ந்திருந்தார்.

தேங்காய்க்கும் மைதாவுக்கும் எதற்குச் சான்றிதழ், இது என்ன ஆடா கோழியா என்று எனக்கு ஒரே எரிச்சல். "நீங்க சும்மா இருங்க மாமி, சான்றிதழ் குடுக்குறவுக எல்லாத்தையும்தான் பாப்பாக" என்று மருமகள் வீட்டையே புரட்டிப் போட்டாள். தட்டுக்கு எண்ணெய் தடவ நான் வைத்திருந்த துணி சுத்தமில்லையாம். புதுக்கோட்டையில் பெயிண்டுக் கடைக்குப் போய்ப் புது பிரஷ் வாங்கிவந்தாள்.

சில மாதம் கழித்துச் சோதிக்க ஒருவர் வந்தார். வெளி ஆம்பிளைக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மாவு, வெண்ணெய், எசன்ஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், கடைசியில் பிரஷைக் கையில் எடுத்தார். அதில் ஒரு முடியைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டினார். தலைமுடி கருகுகிற நாற்றம்.

"இது நைலான் இல்லம்மா, மிருக முடி. இந்த மாதிரி பிரஷ் பெரும்பாலும் பன்னி முடியிலதான் வரும்."

எனக்கு வெட்கமெல்லாம் பறந்துபோயிற்று.

"யா அல்லா! நோன்பு தொறக்கப் பள்ளிவாசலுக்கும் இதத்தானேடி குடுத்தனுப்புன!"

"நானா தடவுனேன்? ஒங்க கைதானே மாமி தடவுச்சு!"

அதுவும் நிசந்தான்.

தட்டுகளை மண்ணும் தண்ணீருமாக முறைப்படி கழுவி, மறுபடி விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பாக்கெட் போட்டுவைத்த சரக்கையெல்லாம் கொல்லையில் புதைத்தோம். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்து, "தெரியாம நடந்ததுக்குக் குத்தமில்லம்மா" என்றார். கூட்டாளியிடம் மருமகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள். அவரோ சிரித்தார். "லாபத்துக்கு மட்டுமா தங்கச்சி கூட்டுச் சேந்தேன்? நட்டத்துக்கும் சேத்துத்தான். அழுவாத."

மகன்தான் சிரிக்கவில்லை. ஓட்டல் வேலைக்கு இன்னொரு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான். இந்தப் பெருநாளுக்கும் வரமாட்டான். கேவலம் ஒரு பிரஷ்!

எந்த பிரஷ் எந்த முடியில் செய்வது, தட்டை எத்தனை தடவை கழுவ வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் யாராவது எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். மறுபடியும் சான்றிதழ் கைதவறினால் என் பிள்ளை வருவது இன்னும் தள்ளிப்போகும்.