காயம் பார்க்கத் தெரிந்த நல்லையா மாஸ்டர்

மட்டக்களப்பைப் புயல் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த மார்கழியில்தான் நல்லையா மாஸ்டர் போனார். ஊர்காவற்றுறையில் பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி, "சவிரி அண்ணை, உங்கடை மாஸ்டர் முடிஞ்சுபோனாரெல்லோ, தெரியாதோ?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது. அதற்குள் புளியங்கூடலில் அவரை எரித்துச் சாம்பலும் அள்ளிவிட்டார்கள். செத்த வீட்டுக்கு யார் யாருக்குச் சொல்லியனுப்புவது என்று யோசித்த உறவுக்காரருக்கு, ஒரு சுறாத் தூண்டில்காரனின் பெயர் நினைவு வரவில்லை. அதில் எனக்குக் குறையில்லை. இப்போது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குப் புத்தகத்துக்கு நாலு வார்த்தை கேட்டு அவருடைய மருமகன், சகோதரியின் பிள்ளை, வந்திருக்கிறார். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல அவர் எழுதுகிறார்.

உங்களில் பலருக்கு மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்தவர். எனக்கு அவர் கடிபட்ட மீன் வாங்குகிறவர். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த வருஷம், ஒரு சனிக்கிழமை துறைக்கு வந்து, வேறு மீன் கடித்துப் பாதியாய்ப் போன மீன் இருக்கிறதா என்று விசாரித்தார். கரை முழுக்கச் சிரித்தது. பூனை வளர்க்கிறியளோ மாஸ்டர் என்று ஒருவன் கேட்டான். "இல்லை, நான் தனி" என்றார்.

சீலா மீன் கடித்து வெட்டிய பாரை மீன் ஒன்றைக் கொடுத்தேன். மணலில் குந்தி, சைக்கிளில் கட்டியிருந்த தடித்த இங்கிலிஷ் புத்தகத்தை எடுத்து விரித்தார். மனிதர் வர முன்னமே அழிந்துபோன டைனோசோர்களின் புத்தகம். இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டும் இரண்டு காலில் நிற்கிறவை, வீட்டு உயரம், இறைச்சி தின்னிகள். அவற்றின் பெயர் என் வாயில் நுழையவில்லை. பல்லைப் பார்த்து ஒன்றுக்குக் கத்திப்பல்லன், மற்றதுக்குத் தடிப்பல்லன் என்று வைத்தேன். பிறகு அவரும் அப்படியே சொல்லத் தொடங்கினார்.

கத்திப்பல்லனின் பல் மெல்லிசு, ஓரம் அரிவாள் போல. அது சதையைக் கிழித்துவிட்டு, இரத்தம் போய் இரை தானாக விழும்வரை பின்னால் போகும் என்பது மாஸ்டரின் கணிப்பு. சுறாவும் அந்தச் சாதிதான் என்று நானும் ஒத்துக்கொண்டேன். தடிப்பல்லனின் பல் வாழைப்பழத் தடிப்பு. பேத்தை மீன் நண்டை நொறுக்குவதுபோல அது எலும்போடு சேர்த்து நொறுக்கும். அதில்தான் எங்களுக்குச் சண்டை. அவ்வளவு பாரமான உடம்பு ஓடிப் பிடிக்க ஏலாது, செத்துக் கிடந்ததைத்தான் தின்றிருக்கும் என்பேன். கொன்றுதான் தின்றது என்பார். எட்டு வருஷம், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இதே வழக்கு. "வாய் பயமுறுத்தும், சவிரி. காயம்தான் உண்மை சொல்லும்" என்பது அவருடைய பேச்சு.

காயம் பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். வலையில் உயிரோடு துடிக்கும்போது கடிபட்ட மீனில், கடியின் ஓரமெல்லாம் இரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். செத்த பிறகு கடிபட்டது வெளிறிக் கிடக்கும். அதை அவர் கொப்பியில் எழுதினார். "இது புத்தகத்திலை இல்லை, காணும்" என்றார். அன்றைக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் வீட்டுக்கு நடந்தேன்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல், கடலில் நின்ற எங்கள் ஒரே மகன் யேசுதாசையும் கொண்டுபோனது. மறுநாள் காலை சுருவில் என்ற ஊரின் கரையில் கிடந்தான். இடது தொடையில் பிறை போல ஒரு கடி. நானும் என் மனைவி மரியாளும் ஓடிப்போய்ச் சேர, மாஸ்டரும் சைக்கிளில் வந்துவிட்டார். மரியாள் என்னைக் கேட்கவில்லை. அவரைத்தான் கேட்டாள்.

"மாஸ்டர், நீங்கள் காயம் பாக்கத் தெரிஞ்சவர். என்ரை பிள்ளை உயிரோடை கிடக்கேக்கையோ கடிச்சது?"

அவர் குந்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மீனைப் பார்ப்பது போலவே நெடுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"இல்லைத் தங்கச்சி. மூச்சுப் போன பிறகுதான். அவனுக்கு ஒண்டும் தெரியாது."

மரியாள் என் முகத்தைப் பார்த்தாள். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு மாஸ்டர் கடிபட்ட மீன் கேட்டதில்லை. சனிக்கிழமையில் வெறுங்கையோடு வந்து பக்கத்தில் இருப்பார். நான் கிழிந்த வலையைப் பொத்தி முடித்ததும் எழும்பிப் போவார். ஒரு வருஷம் கழித்துத்தான் திரும்பவும் புத்தகத்தைக் கொண்டுவந்தார். தடிப்பல்லனின் படத்தில் விரலை வைத்து, "நீர் சொன்னதுதான் சரி, சவிரி. இது செத்ததைத்தான் திண்டிருக்கும்" என்றார். என்ன சாட்சி என்று நான் கேட்கவில்லை. மரியாளுக்குச் சொன்ன சொல்லை அவர் அந்தப் பிராணி வரைக்கும் காப்பாற்றினார்.

மரியாள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சக் காலத்தைக் கழித்தாள். செபம் சொல்லி முடிக்கும்போதெல்லாம், அவனுக்கு ஒன்றும் தெரியாதாம் என்று தனக்குத்தானே ஒருதரம் சொல்லிக்கொள்வாள்.

மாஸ்டரின் சாமான்களில் எது வேண்டும் என்று மருமகன் முதல் தரம் வந்தபோதே கேட்டார். புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். தடிப்பல்லனின் வாயடியில் அவருடைய விரல் பட்டுப்பட்டுத் தாள் மங்கிக் கிடக்கிறது. சனிக்கிழமைகளில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பக்க வழக்கையும் நானே பேசுகிறேன். கொன்றுதான் தின்றது என்ற அவருடைய பழைய பக்கத்தைத்தான் வெல்ல விடுகிறேன்.

மரியாள் போய் ஐந்து வருஷம். இனிச் சொன்னால் நோவதற்கு ஆளில்லை என்றுதான் சொன்னேன். சுருவில் கரையில் அந்தக் காயத்தைச் சுற்றி நின்ற மூன்று பேரில், இன்னும் உயிரோடு இருப்பவன் சவிரிமுத்து.