எண்ணெய்ச் சொட்டும் இரண்டாவது விநாடியும்

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், பாளையங்கோட்டையில் ஐந்தாவது பாரம் படித்துக்கொண்டிருந்தேன். இன்றைய பிள்ளைகள் முடுக்கம் என்பதை எங்கள் வாத்தியார் ஆக்சிலரேஷன் என்றார். விநாடிக்கு இத்தனை அடி என்றால் வேகம், அது புரிந்தது. விநாடிக்கு, விநாடிக்கு இத்தனை அடி என்றால் ஆக்சிலரேஷனாம். ஒரே விநாடியை எதற்கு இரண்டு தரம் சொல்லவேண்டும் என்று கேட்டேன். பெஞ்சுமேல் ஏறி நிற்கச் சொன்னார்.

சபையார் கர்த்தருக்குக் காணிக்கை கொண்டுவரும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஊருக்கு வந்திருந்தேன். அப்பா சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார், திசையன்விளைப் பக்கத்துப் பெரிய வேதக்கோயிலுக்கு முந்தின நாளே போய்விட்டார். அம்மாவும் நானும் மாட்டுவண்டியில் கிளம்பினோம். முன்பக்கம் அம்மா, மடியில் வருஷமெல்லாம் உலை வைக்கும்போது கர்த்தருக்கென்று எடுத்துவைத்த கைப்பிடி அரிசி. பின்பக்கம் நான், என் பொறுப்பில் ஒரு கலயம் நல்லெண்ணெய். தம்பி காய்ச்சலில் பிழைத்தால் கோயில் விளக்குக்கு நிறைகலயம் எண்ணெய் தருவதாக அம்மா பொருத்தனை செய்திருந்தாள். பிழைத்துவிட்டான். ஒரு வருஷம் தன் தலைக்கு எண்ணெய் வைக்காமல் அதைச் சேர்த்தாள்.

பாதி வழியில் கலயத்தின் அடியில் பொடி ஓட்டை ஒன்று கண்டது. விரலை வைத்தால் நின்றிருக்கும். வைக்கத்தான் போனேன். செம்மண் பாதையில் சொட்டுகள் அளந்து வைத்தாற்போல ஒரே இடைவெளியில் கிடந்தன. முன்னால் ஓர் இறக்கம் வரும் என்பது ஞாபகம் வந்தது. கலயத்தை வண்டி ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

இறக்கத்தில் மாடுகள் ஓடின. கீழே வண்டிக்காரர் தண்ணீர் காட்ட நிறுத்தியதும் குதித்து மேலே ஓடி, சாண் போட்டு அளந்தேன். மூன்று சாண், நான்கு, ஐந்து, ஆறு. சொட்டுக்குச் சொட்டு நேரம் ஒன்றுதான். இடைவெளி மட்டும் ஒவ்வொரு தரமும் ஒரு சாண் கூடுகிறது! ஒரு விநாடி வேகத்தைச் சொல்ல, இன்னொன்று அந்த வேகம் கூடுவதைச் சொல்ல. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"ஏலே, அங்கன என்னலே பண்ணுத?" என்று அம்மா வந்தாள்.

"எம்மா, புரிஞ்சுட்டு!"

வண்டிக்குத் திரும்பியதும் அவள் கலயத்தைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

"ஒழுகுதுன்னு தெரியுமாலே?"

"தெரியும்."

அடிக்கவில்லை. கருப்பட்டித் துண்டு ஒன்றை மென்று ஓட்டையில் அப்பினாள்.

கோயிலில் காணிக்கைகளைச் சபைக்கு முன்னால் அப்பாதான் வாங்கிவைத்தார். கலயத்தைத் தூக்கியதும் முகம் மாறிவிட்டது.

"நிறைகலயம்லா நேர்ந்துகிட்ட?"

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"சேர்ந்தது இவ்வளவுதான்" என்றாள் அம்மா.

பாயில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்பித்தோம் என்று நான் சாண் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அதைச் சொல்லி வாத்தியாரிடம் சபாஷ் வாங்கினேன்.

அடுத்த மாதம் நான் ஊருக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து. பாவத்தை மனசில் வைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது என்று அப்பா வழக்கம்போல் எல்லாருக்கும் நினைவுபடுத்தினார். ஒவ்வொருவராக எழுந்துபோய் முழங்காலிட்டார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.